புள்ளைங்க மனசு எப்படி வளருது, அந்தந்த வயசுல நாம என்ன பண்ணலாம்

பெரியவளுக்கு 11வது மாசம் குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு காது குத்துனோம். தாய்மாமன் மடியில உக்கார வச்சுதானே குத்தணும், என் தம்பிக்கு வேலை வெளியூர்ல, அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில வந்து பாத்தவன் அதுக்கப்புறம் அன்னைக்கு காலையிலதான் பஸ்ஸ விட்டு இறங்கி நேரா கோயிலுக்கு வர்றான். அவன் மடியில வச்சதுதான் தெரியும், ஆசாரி இன்னும் ஊசியவே எடுக்கல, அதுக்குள்ள உடம்ப வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு கத்த ஆரம்பிச்சா. சுத்தி நிக்கற சொந்தக்காரங்க ஆளாளுக்கு கிலுகிலுப்பை ஆட்டுறாங்க, ஒருத்தர் கைதட்டுறார், இன்னொருத்தர் மூஞ்சி பக்கத்துல வந்து விசில் அடிக்கறார், அவ இன்னும் மிரண்டு போறா. "புள்ளைய நாலு பேர்கிட்ட பழக்காமயே வளத்துருக்க"ன்னு ஒரு பெரியம்மா சொன்னது ரொம்ப நாள் என் நெஞ்சுலயே கிடந்துச்சு.

அப்ப எனக்கு பதில் சொல்ல தெரியல. இப்ப தெரியும். முக்கால்வாசி புள்ளைங்களுக்கு அந்த வயசுல புது ஆள பாத்தா பயம் வரும், தெரிஞ்ச முகம் எது தெரியாத முகம் எதுன்னு பிரிச்சு பாக்கற அளவுக்கு மூளை வளந்துருச்சுன்னு அர்த்தம். நாங்க தேதி குறிச்சது அந்த பயம் உச்சத்துல இருக்கற மாசத்துல. சின்னவன் பொறக்கறதுக்குள்ள இத பத்தி நிறைய படிச்சேன், தடுப்பூசிக்கு போறப்பல்லாம் டாக்டர்கிட்ட கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன், அவன வளக்கறப்ப பலதையும் செஞ்சு பாத்தேன். புதுசா புள்ள பெத்தவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒரே விஷயம். கைக்குழந்தைக்கு தன் மனச தானா அமைதிப்படுத்திக்க தெரியாது, அது நம்ம அமைதிய கடன் வாங்கிதான் அடங்கும். அப்படி ஆயிரம் தடவை கடன் வாங்கி வாங்கிதான் பின்னாடி சொந்தமா அடங்க கத்துக்கும். வயசு மாற மாற நாம கடன் குடுக்கற விதம் மட்டும் மாறும்.

முதல் 3 மாசம்

பொறந்த குழந்தைக்கு கோவம், வருத்தம், பொறாமைன்னு தனித்தனியா எதுவும் கிடையாது. சொகமா இருக்கு, இல்ல சொகமா இல்ல, இவ்வளவுதான். பசி, ஈரம், வயித்து வலி, தூக்கம், எல்லாத்துக்கும் ஒரே அழுகை, முதல் சில வாரம் அழுதா கண்ணீர் கூட வராது. தூக்கத்துல ஒரு ஓரமா சிரிக்கும் பாருங்க, சாமி சிரிப்பு காட்டுதுன்னு சில வீட்டுல சொல்லுவாங்க, நரி விரட்டுதுன்னு சில வீட்டுல சொல்லுவாங்க, அது உடம்பு தானா பண்றது, யாரையும் பாத்து சிரிக்கறது இல்ல. நம்மள பாத்து நமக்காக சிரிக்கற சிரிப்பு 6 வாரத்துல இருந்து 8 வாரத்துக்குள்ள வரும். குறை மாசத்துல பொறந்த குழந்தைன்னா பொறந்த தேதியில இருந்து எண்ணாதீங்க, டாக்டர் குடுத்த டெலிவரி தேதியில இருந்து எண்ணுங்க.

பச்ச குழந்தைக்கு 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கறதுதான் கொஞ்சமாச்சும் தெளிவா தெரியும். பால் குடுக்கறப்ப நம்ம முகம் இருக்கற தூரம் அது. அதனால பேசணும்னா கிட்ட போய் பேசுங்க. எங்க அத்தை கால நீட்டி உக்காந்து புள்ளைய கால்ல போட்டு குளிப்பாட்டுறப்ப "என் ராசா, என் தங்கம், யாரு குளிக்கறா, யாரு குளிக்கறா"ன்னு குனிஞ்சு அது முகத்த பாத்து பேசிக்கிட்டே இருப்பாங்க. அத்தைகிட்ட எனக்கு ஒத்துப்போகாதது எவ்வளவோ இருக்கு, ஆனா இந்த விஷயத்துல அவங்க செஞ்சத விட நல்லா யாராலயும் செய்ய முடியாது.

அழுகைதான் இந்த மாசங்கள்ல பெரிய சோதனை. நிறைய பேருக்கு இது தெரியாது, ஆரோக்கியமான குழந்தைக்கே 2வது வாரத்துல இருந்து அழுகை கூடிக்கிட்டே போய் 6வது வாரத்துல உச்சத்துக்கு வரும், அப்புறம் 3, 4 மாசத்துக்குள்ள குறைஞ்சுரும். பிரேசில்டன்னு ஒரு அமெரிக்க குழந்தை டாக்டர் 80 குழந்தைங்கள பாத்து 1962ல எழுதுனதுல அந்த 6வது வாரத்துல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2¾ மணி நேரம் அழுகைன்னு வந்துச்சு, அதுலயும் சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்துலதான் ஜாஸ்தி. பால் பத்தல, கண்ணு பட்டுருச்சு, உரம் விழுந்துருச்சுன்னு வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எடை சரியா ஏறுது, ஒண்ணுக்கு ஒழுங்கா போகுது, காய்ச்சல் இல்லன்னா பெரும்பாலும் இது அந்த வயசோட அழுகைதான். சந்தேகம்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க, ஆனா உங்க பால குறை சொல்லிக்காதீங்க.

தூக்கலாமா கூடாதா? "தூக்கி தூக்கி வச்சா கைச்சூடு கண்டுக்கும், அப்புறம் கீழ விடாது"ன்னு நம்ம ஊர்ல சொல்லாத ஆளே இல்ல. நானும் அத நம்பி பெரியவள கத்த விட்டுட்டு கதவு பக்கத்துல நின்னு அழுதுருக்கேன், இன்னைக்கும் நினைச்சா வருத்தமா இருக்கு. 1986ல மான்ட்ரியல்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அழுதாலும் அழலைன்னாலும் தினம் கூடுதலா சில மணி நேரம் தூக்கி வச்சுக்க சொன்னாங்க, அப்படி தூக்கி வச்ச குழந்தைங்க 6வது வாரத்துல மத்த குழந்தைங்கள விட 43 சதவீதம் கம்மியா அழுதுச்சு. ஏற்கனவே விடாம கத்துற குழந்தைக்கு இது அவ்வளவா உதவலன்னு பின்னாடி பாத்துருக்காங்க, அதனால இத மருந்துன்னு நினைக்க வேண்டாம், ஆனா தூக்குனா கெட்டுப்போகும்ங்கற பயம் தேவையே இல்ல. சாயங்காலம் அழுகை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தூக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடங்க, லைட்ட குறைங்க, டிவிய நிறுத்துங்க, ஒரே ராகத்துல எதையாச்சும் முணுமுணுங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். எவ்வளவு பண்ணியும் அடங்காம நமக்கு தலை சூடாகற நேரம் வரும். அப்ப புள்ளைய மல்லாக்க பாதுகாப்பா படுக்க வச்சுட்டு 5 நிமிஷம் வெளிய வாங்க, தண்ணி குடிங்க, வேற யாரையாச்சும் கூப்பிடுங்க. ஒரு போதும் குழந்தைய புடிச்சு குலுக்காதீங்க, அதுல மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிர் போயிருக்கு, பார்வை போயிருக்கு.

சிரிப்பு வந்ததுக்கு அப்புறம்

3, 4 மாசத்துல வாய் விட்டு சிரிக்கும், கிட்டத்தட்ட அதே சமயத்துலயோ கொஞ்சம் பின்னாடியோ கோவமும் வரும். கைய புடிச்சு வச்சா, கையில இருக்கறத புடுங்குனா முகம் செவந்து கத்தும். முதல் தடவை பாக்கறப்ப "அடேங்கப்பா கோவத்த பாரு"ன்னு எல்லாரும் சிரிப்போம், உண்மையிலயே அது நல்ல விஷயம், தனக்கு வேணும்ங்கறது அதுக்கு தெரிய ஆரம்பிச்சுருச்சு.

இந்த மாசங்கள்ல நாம செய்ய வேண்டியது முகத்தோட முகம் பேசறது. அது "ங்கா"ன்னா நீங்களும் "ங்கா"ன்னு சொல்லிட்டு நிறுத்துங்க, நிறுத்துறதுதான் முக்கியம், அதுக்கு பதில் சொல்ல நேரம் குடுங்க. அது முகத்த திருப்பிக்கிட்டா விடுங்க, போதும்னு சொல்லுது, திரும்ப தானா வரும். நம்ம பருப்பு கடையற விளையாட்டு இருக்குல்ல, உள்ளங்கையில முழங்கைய வச்சு கடைஞ்சு, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, அப்புறம் நண்டு ஊர்ற மாதிரி விரலால மெதுவா மேல ஏறி அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டுறது, அத 6 மாசத்துக்கு மேல ஒரு வாரம் தினம் விளையாடி பாருங்க. முதல்ல கிச்சுகிச்சுக்கு சிரிக்கும், ரெண்டு மூணு நாள்ல நண்டு ஊர்றப்பவே சிரிக்கும், அப்புறம் கைய புடிச்சு கடைய ஆரம்பிச்ச உடனே சிரிக்கும். என்ன வரப்போகுதுன்னு காத்திருக்கறது, கொஞ்சம் பயம் கொஞ்சம் ஆசை, எல்லாத்தையும் அந்த ஒரு விளையாட்டுல பழகுது.

நம்ம முகம் அதுக்கு எவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் 1970கள்ல பண்ண சோதனைய சொல்லணும். அம்மா குழந்தைகிட்ட சிரிச்சு பேசிட்டு இருக்காங்க, நடுவுல ஒரு ரெண்டு நிமிஷம் முகத்துல எந்த அசைவும் இல்லாம சும்மா பாக்கறாங்க, அடிக்கல திட்டல, முகம் மட்டும் கல்லு மாதிரி. குழந்தை முதல்ல சிரிச்சு பாக்குது, கைய நீட்டுது, சத்தம் போட்டு கூப்பிடுது, எதுக்கும் பதில் இல்லன்னதும் முகத்த திருப்பிக்கிட்டு உடம்பு தளந்து அழுகைக்கு போயிருது. இத படிச்சப்ப எனக்கு உடனே நினைப்பு வந்தது பால் குடுத்துக்கிட்டே நான் போன் பாத்துக்கிட்டு இருந்த நேரங்கள். போனே தொடாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ராத்திரி 3 மணிக்கு பால் குடுக்கறவளுக்கு வேற துணை ஏது. பகல்ல அது முழிச்சு நம்மள தேடுற நேரம் மட்டும் போன கவுத்து வச்சுருங்க.

அதே ட்ரோனிக் இன்னொன்னும் சொன்னார், அது எனக்கு ரொம்ப ஆறுதல். நல்ல அம்மா புள்ளைக்கு நடுவுலயே ஒருத்தர் முகத்துக்கு இன்னொருத்தர் முகம் சரியா பொருந்தி போறது கிட்டத்தட்ட 30 சதவீத நேரம்தானாம், மீதி நேரமெல்லாம் தவறி தவறி திரும்ப சேர்றதுதான். அப்படி விட்டுப்போய் திரும்ப ஒட்டுறதுலதான் குழந்தை கத்துக்குது, எல்லாம் சரியாயிரும்னு நம்புது. அதனால தப்பிப்போன நிமிஷத்துக்காக குமுறாதீங்க, திரும்பி வந்து தூக்குங்க.

இதுல ஒரு விஷயம். புள்ள பெத்ததுக்கு அப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேலயும் அழுகையாவே வருது, புள்ளைய பாத்தா ஒண்ணுமே தோணல, தூக்கம் வந்தாலும் தூங்க முடியலன்னா அது சோம்பேறித்தனமும் கிடையாது, கொழுப்பும் கிடையாது, பிரசவத்துக்கு பிறகு வர்ற மனச்சோர்வு. அந்த நேரத்துல அம்மா முகம் தானாவே கல்லாயிரும், அவங்க நினைச்சு பண்றது இல்ல. வைத்தியம் இருக்கு, சரியாகும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, இல்ல 14416க்கு போன் பண்ணுங்க, அரசோட டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம். வீட்டுக்காரர் இத படிக்கறார்னா அவர்தான் முதல்ல கவனிக்கணும்.

8 மாசம், அந்த பயம்

இந்த பகுதிய கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா நம்ம வீடுகள்ல மொட்டை, காதுகுத்து, முதல் பொறந்தநாள்னு எல்லா விசேஷமும் இந்த நேரத்துலதான் வருது.

6, 7 மாசத்துல சில முகங்கள மட்டும் தன்னோடதுன்னு புடிச்சுக்கும். அப்புறம் கொஞ்ச நாள்லயே புது முகத்துக்கு பயம் வரும். கூடவே பொருளோ ஆளோ கண்ணுக்கு தெரியலன்னாலும் எங்கயோ இருக்குன்னு புரிய ஆரம்பிக்கும், அம்மா சமையக்கட்டுக்கு போனா முன்னாடி மறந்துரும், இப்ப "அவ எங்கயோ இருக்கா, என்கிட்ட இல்ல"ன்னு தெரியுது, ஆனா திரும்ப வருவாளான்னு தெரியல. பாத்ரூம் போனா கூட கதவ தட்டி அழுவுறது அதனாலதான். ஏக்கம்னு நாம சொல்றோமே, புள்ள ஏங்கிருச்சுன்னு, அந்த வார்த்தைய விட பொருத்தமா வேற எதுவும் கிடைக்காது. 10 மாசத்துல இருந்து ஒண்ணரை வயசு வரைக்கும் இது அதிகமா இருக்கும், அப்புறம் மெல்ல குறையும்.

சின்னவனுக்கு காது குத்துறப்ப நாங்க என்ன பண்ணோம்னா, தம்பிய 3 நாள் முன்னாடியே வர சொல்லிட்டோம். முதல் நாள் அவன் புள்ளைய பாக்கவே கூடாதுன்னு சொல்லிட்டேன், அவன் பாட்டுக்கு எங்கிட்ட பேசி சிரிச்சுட்டு தரையில உக்காந்திருந்தான், கையில ஒரு ஸ்பூனும் டம்ளரும். நான் அவன்கிட்ட சிரிச்சு பேசறத சின்னவன் என் இடுப்புல இருந்து பாத்துக்கிட்டே இருந்தான். சாயங்காலம் ஸ்பூன வாங்க தவழ்ந்து போனான். மறுநாள் மாமன் ஊட்டுன சோத்த ரெண்டு வாய் வாங்கிக்கிட்டான். கோயில்ல மடியில உக்கார வச்சப்ப நான் எதிர்ல அவன் கண்ணுக்கு தெரியற மாதிரி உக்காந்து முட்டிய தொட்டுக்கிட்டே இருந்தேன், சுத்தி யாரும் கிலுகிலுப்பை ஆட்ட வேண்டாம்னு அத்தை முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. ஊசி குத்துனப்ப அழுதான், வலிச்சா அழத்தானே செய்வான், ஆனா மிரளல, தூக்குன ரெண்டு நிமிஷத்துல அடங்கிட்டான். சொந்தக்காரங்க வந்த உடனே புள்ளைய கையில இருந்து புடுங்குறாங்கன்னா "கொஞ்ச நேரம் பாத்து பழகட்டும் சித்தி, தானா வருவான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லி ஒரு அடி பின்னாடி நகந்துக்குங்க.

கூட்டுக் குடும்பத்துல பாட்டி, பெரியம்மாகிட்டயே ஒட்டிக்கிட்டா அம்மா பாசம் குறைஞ்சுருமோன்னு சிலர் பயப்படுறாங்க. கிளாஸ்கோவுல 60 குழந்தைங்கள வச்சு ஷாஃபர், எமர்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1964ல வெளியிட்டதுல ஒண்ணரை வயசுக்குள்ள பெரும்பாலான குழந்தைங்க ஒண்ணுக்கு மேல ஆளுங்ககிட்ட ஒட்டிக்கிச்சு, அம்மா, அப்பா, தாத்தா பாட்டி, அண்ணன் அக்கான்னு. பாசம் பங்கு போட்டா குறையறது கிடையாது.

வேலைக்கு கிளம்பறப்ப புள்ளைய ஏமாத்திட்டு பின்வாசல் வழியா போறத நிறுத்துங்க. அந்த நேரம் அழுகை மிச்சம்தான், ஆனா "அம்மா எந்த நிமிஷமும் காணாம போயிருவா"ன்னு அதுக்கு பதிஞ்சுரும், அப்புறம் ஒரு நிமிஷம் கூட முந்தானைய விடாது. கண்ண பாத்து "அம்மா ஆபீஸ் போயிட்டு சாப்ட்டு தூங்கி எந்திரிச்சதும் வந்துருவேன்"னு சொல்லி, தினம் ஒரே மாதிரி ஒரு முத்தம் ஒரு டாட்டா, அப்புறம் திரும்பி பாக்காம போயிருங்க. அழும், அழட்டும், பாட்டி மடி இருக்கு. பால்வாடியிலயோ ப்ளே ஸ்கூல்லயோ சேக்கறப்பவும் இதேதான், முதல் ரெண்டு மூணு நாள் கூட உக்காந்துட்டு, அப்புறம் அரை மணி நேரம், ஒரு மணி நேரம்னு கூட்டுங்க. சாயங்காலம் நம்மள பாத்த உடனே ஓடி வந்து ஓன்னு அழுதா "காலையில இருந்து நல்லா இருந்தான், உன்ன பாத்ததும் நடிக்கறான்"னு சொல்லுவாங்க. நடிப்பு கிடையாது. நாள் பூரா அடக்கி வச்சத நம்பிக்கையான இடத்துல இறக்கி வைக்குது. தூக்கி வச்சுக்குங்க, வேற எதுவும் கேக்காதீங்க.

இதே வயசுல ஒரு வருஷம் நெருங்கறப்ப இன்னொரு பெரிய விஷயம் நடக்குது, எதுக்கு பயப்படணும்னு நம்ம முகத்த பாத்து முடிவு பண்ணும். கண்ணாடி பலகைக்கு கீழ பள்ளம் தெரியற மாதிரி ஒரு மேசை செஞ்சு, ஒரு வயசு குழந்தைய ஒரு பக்கம் விட்டு, அம்மாவ எதிர்பக்கம் நிக்க வச்சு பாத்தாங்க, 1985ல. அம்மா சிரிச்ச முகத்தோட நின்னப்ப 19 குழந்தையில 14 கண்ணாடிய தாண்டி வந்துருச்சு. அம்மா பயந்த முகம் காட்டுனப்ப 17ல ஒண்ணு கூட வரல. அதனால குக்கர் விசில் அடிச்சா, மிக்ஸி ஓடுனா, நாய் குலைச்சா அது முதல்ல திரும்பறது உங்க பக்கம். நீங்க "ஐயோ"ன்னு ஓடி வந்து அள்ளுனீங்கன்னா அது பயம்னு பதியும். "விசில், சாதம் வெந்துருச்சு"ன்னு சாதாரணமா சொல்லி பாருங்க. தடுப்பூசி அன்னைக்கும் அப்படித்தான், "வலிக்காது"ன்னு பொய் சொல்லாதீங்க, நெஞ்சோட சேத்து புடிச்சுக்கிட்டு "சுருக்குன்னு வலிக்கும், அம்மா இங்கயே இருக்கேன்"ன்னு நிதானமான முகத்தோட சொல்லுங்க.

ஒண்ணரை வயசுல இருந்து 3 வரைக்கும், தரையில புரண்டு அழற காலம்

வீட்டுல ஒரு சோதனை பண்ணலாம். புள்ளைக்கு தெரியாம மூக்கு மேல சாந்து பொட்டு வச்சு கண்ணாடி முன்னாடி நிறுத்துங்க. ஒரு வயசு குழந்தை கண்ணாடியில இருக்கற பாப்பாவ தொடும். ஒண்ணரையில இருந்து ரெண்டு வயசுக்குள்ள தன் மூக்க தொட்டு பாக்கும், அது நான்தான்னு தெரிஞ்சுருச்சு. அந்த "நான்" வந்ததுக்கு பிறகுதான் வெக்கம், கூச்சம், பொறாமை, பெருமை எல்லாம் ஒண்ணொண்ணா வரும். "என்னுது"ன்னு புடுங்கறதும், "வேணாம் போ"ங்கறதும் அதோட சேந்துதான். அடுத்தவங்களுக்கு வேற ஆசை இருக்கும்னும் இந்த நேரத்துலதான் புரியுது, 14 மாச குழந்தை தனக்கு புடிச்ச பிஸ்கட்டத்தான் நமக்கும் நீட்டும், 18 மாசத்துல நாம ரசிச்சு சாப்புடுறது காய்னு பாத்துட்டா காய எடுத்து நீட்டும்.

ஆசை மலையளவு, பேச்சு நாலு வார்த்தை, அடக்கற மூளை இன்னும் கட்டி முடியல. நெத்திக்கு பின்னாடி இருக்கற அந்த மூளை பகுதி முழுசா முத்த 20 வயசு தாண்டி சில வருஷம் ஆகும்னு சொல்றாங்க. அதனால கடையில சாக்லேட் குடுக்கலன்னு தரையில புரள்றவன் நம்மள அவமானப்படுத்த பண்ணல. அப்ப என்ன பண்றது?

முதல்ல கத்தல் உச்சத்துல இருக்கறப்ப பேசாதீங்க. அழுது அடம் புடிக்கறத கவனிச்சு பாத்தவங்க சொல்றது, கோவம் சட்டுன்னு உச்சத்துக்கு போய் இறங்கிரும், அடியில வருத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும், பெரும்பாலும் 5 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுரும். உச்சத்துல நாம சொல்ற நியாயம் எதுவும் காதுல ஏறாது, கேள்வி கேட்டா இன்னும் எரியும். தலையில எதுவும் இடிக்காம பாத்துக்கிட்டு, கிட்ட தரையில உக்காந்துக்குங்க, உங்க மூச்ச மெதுவாக்குங்க, வாய மூடிக்குங்க. கத்தல் தேம்பலா மாறும் பாருங்க, அப்ப கைய நீட்டுனா மடிக்கு வந்துரும். வந்ததும் ரெண்டே வாக்கியம், "சாக்லேட் வேணும்னு ஆசையா இருந்துச்சு. குடுக்கலன்னதும் கோவம் வந்துருச்சு." அவ்வளவுதான். சாக்லேட் வாங்கி குடுக்காதீங்க, இல்லன்னா இல்லதான், ஆனா கோவப்பட்டதுக்காக திட்டவும் வேண்டாம். கடிச்சா அடிச்சா கைய மெதுவா புடிச்சு "அடிக்க விட மாட்டேன், வலிக்கும்"னு சொல்லுங்க. திருப்பி கடிச்சு காட்டுறது, திருப்பி அடிக்கறது வேலைக்கு ஆகாது, அடிக்காதன்னு அடிச்சுக்கிட்டே சொன்னா அது எத கத்துக்கும்?

கிளம்பறதுக்கு முன்னாடியே தடுக்கறது இன்னும் சுலபம். இந்த வயசு அடம் பாதி பசியும் தூக்கமும்தான், துணிக்கடைக்கு மதியம் 2 மணிக்கு கூட்டிட்டு போகாதீங்க. விளையாட்ட நிறுத்தணும்னா "இன்னும் 2 தடவை சறுக்கிட்டு கிளம்பலாம்"னு முன்னாடியே சொல்லுங்க.

அடங்கறதுக்கு போன குடுக்கறது பத்தி. ரெண்டு வயசு ஆகற வரைக்கும் திரையே வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. எனக்கு அத விட பெரிய கவலை, அழுதா போன், சாப்பிட போன்னு ஆயிட்டா தன்ன தானே அடக்கிக்கற பயிற்சி எங்க கிடைக்கும்ங்கறது. பஸ்ல என்னைக்கோ ஒரு நாள் குடுத்தா பரவால்ல, அழுகைக்கு மருந்தா மட்டும் குடுக்காதீங்க.

சில புள்ளைங்க அழுது அழுது மூச்ச புடிச்சுக்கும், உதடு நீலமாகி துவண்டு விழுந்துரும். பாக்கறவங்களுக்கு உயிரே போயிரும். அது வேணும்னே பண்றது இல்ல, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள தானா மூச்சு வந்துரும், ஒருக்களிச்சு படுக்க வைங்க, குலுக்காதீங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க. முதல் தடவை வந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும், இரும்புச்சத்து குறைவா இருந்தாலும் இது வரும், ரத்த டெஸ்ட் எடுத்து பாப்பாங்க.

விழுந்து அழறப்ப தரைய அடிக்கறத பத்தியும் சொல்லணும், "தரைதான் என் தங்கத்த தள்ளுச்சா, இந்தா அடி"ன்னு. பாசத்துலதான் பண்றோம். ஆனா வலிச்சா யாரையாச்சும் அடிக்கணும்னு அது எடுத்துக்கும், அதுக்கு பதில் "விழுந்துட்ட, வலிக்குது, எங்க காட்டு"ன்னு தடவி விட்டா போதும், அழுகை சீக்கிரம் முடியறத நீங்களே பாப்பீங்க.

3ல இருந்து 5

இங்க வேலை முக்காலும் வார்த்தைதான். வீட்டுல மனச பத்தி பேசற பேச்சு ஜாஸ்தியா இருந்த 3 வயசு புள்ளைங்க 6 வயசுல அடுத்தவங்க மனச நல்லா புரிஞ்சுக்கறாங்கன்னு ஜூடி டன்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 1991ல எழுதுனாங்க. நம்மகிட்ட வார்த்தைக்கு பஞ்சமா? கோவம், கடுப்பு, சலிப்பு, ஏக்கம், கூச்சம், வெக்கம், பொறாமை, ஆசை, ஏமாத்தம், பெருமை, திக்குன்னு ஆகறது. கதை சொல்றப்ப "காக்காவுக்கு வடை போனதும் எப்படி இருந்துருக்கும்?"னு கேளுங்க. உங்கள பத்தியும் சொல்லுங்க, "அம்மாவுக்கு இப்ப கடுப்பா இருக்கு, உன்னால இல்ல, கேஸ் தீந்துருச்சு". சின்னவன் 3 வயசுல ஒரு நாள் பாட்டி ஊருக்கு போனதும் வாசப்படியில உக்காந்து "எனக்கு ஏக்கமா இருக்கு"ன்னான். அன்னைக்கு அவன் எதையும் தூக்கி எறியல.

பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுற டாக்டர்னு பயமுறுத்தறத இந்த வயசுல கட்டாயம் விட்டுருங்க. கற்பனை வளந்துருச்சு, நாம சொன்ன பூச்சாண்டி ராத்திரி இருட்டுல நிஜமாவே கட்டிலுக்கு கீழ வந்துரும், அப்புறம் நிஜமாவே டாக்டர்கிட்ட போகறப்ப யார் சமாளிக்கறது. "ஷேம் ஷேம்", "நீ கெட்ட பையன்", "ஆம்பளப்புள்ள அழலாமா", இதெல்லாமும் அப்படித்தான். பண்ண காரியத்த சொல்லுங்க, ஆள சொல்லாதீங்க. "பாப்பா கைய கடிச்சுட்ட, அவளுக்கு வலிக்குது, என்ன பண்ணலாம்?"னு கேட்டா தண்ணி எடுத்துட்டு ஓடும். கெட்ட பையன்னு சொன்னா ஒளிஞ்சுக்கும்.

அடுத்த குழந்தை வரப்போகுதுன்னா, பாக்க வர்றவங்க விளையாட்டா சொல்றது ஒண்ணு இருக்கு, "இனி உங்கம்மா தம்பியதான் தூக்குவா, உன்ன தூக்க மாட்டா". சொல்றவங்களுக்கு சிரிப்பு, கேக்கறதுக்கு அடி வயிறு கலங்கும். பெரியவ அத கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி படுக்கைய நனைச்சுட்டா, அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா நனைச்சதில்ல. அப்படி பேசறவங்கள அங்கயே நிறுத்துங்க, பெரியவங்களா இருந்தாலும் பரவால்ல. தினம் 10 நிமிஷம் சின்னத யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு பெருசு கூட மட்டும் இருங்க. "தம்பி வேணாம், ஆஸ்பத்திரியிலயே குடுத்துரு"ன்னு சொன்னா அதட்டாதீங்க, "அம்மா உனக்கு மட்டும் வேணும்போல இருக்கு"ன்னு சொல்லி மடியில வைங்க.

எல்லா புள்ளையும் ஒரே மாதிரி இருக்காது. நியூயார்க்ல தாமஸ், செஸ்னு ரெண்டு மனநல டாக்டருங்க 1956ல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா பாத்ததுல 40 சதவீதம் சுலபமா பழகுற புள்ளைங்க, 10 சதவீதம் எதுக்கும் பலமா கத்துற புள்ளைங்க, 15 சதவீதம் எதுலயும் தயங்கி தயங்கி இறங்கற புள்ளைங்க, மீதி எல்லாம் கலந்து. பக்கத்து வீட்டு குழந்தை யார்கிட்டயும் போகுதுன்னு ஒப்பிட்டு புள்ளைய நெருக்காதீங்க, தயங்கற குழந்தைக்கு கூடுதலா நேரம் வேணும், அவ்வளவுதான்.

எப்ப காட்டணும்

3 மாசம் முடிஞ்சும் முகம் பாத்து சிரிக்கல, 9 மாசம் முடிஞ்சும் சிரிப்புக்கு சிரிப்பு சத்தத்துக்கு சத்தம்னு பதில் இல்ல, ஒரு வயசு தாண்டியும் பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பல, ஒண்ணரை வயசுல விரல் நீட்டி எதையும் நமக்கு காட்டல, இல்ல எந்த வயசுலயா இருந்தாலும் முன்னாடி பண்ணிட்டு இருந்த பேச்சோ சிரிப்போ நின்னு போச்சுன்னா "ஆம்பளப்புள்ள லேட்டாதான் பேசும்"னு காத்திருக்காதீங்க. காது கேக்குதான்னு பாக்கறதுல இருந்து ஆரம்பிப்பாங்க. குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, பல மாவட்டங்கள்ல அரசு ஆஸ்பத்திரியிலயே டி.ஈ.ஐ.சி.ன்னு இதுக்குன்னு தனி பிரிவு இருக்கு, பயிற்சியும் அங்கயே குடுக்கறாங்க. 4 வயசு தாண்டியும் தினம் பலமுறை அடம், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்கு மேல, தன்னையே அடிச்சுக்கறது கடிச்சுக்கறதுன்னு இருந்தாலும் காட்டிருங்க. போறப்ப தடுப்பூசி அட்டையோட, என்னைக்கு எப்ப எதுக்கு அழுதுச்சுன்னு ஒரு வாரம் எழுதுன நோட்டையும் எடுத்துட்டு போங்க, டாக்டர் ரூம்ல உக்காந்ததும் பாதி மறந்துரும்.